ஹை-கட் சப்பாத்து: அழகுக்கு என்ன விலை கொடுக்கிறோம்?

"ஹை-கட் கேன்வஸ் சப்பாத்து காலுக்குச் சுகமா இருக்குமா?" என்று என்னைக் கேட்டால், "அவ்வளவா இருக்காது" என்றுதான் சொல்வேன். "அப்புறம் ஏன் போடுற?" என்றால், "பார்க்க அழகா இருக்கு" என்பேன். இரண்டு பதிலும் உண்மை. இந்த மாதப் பாடம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை நம் வகுப்பு நடக்கும் மண்டபத்து வாசலைக் கவனித்திருப்பீர்கள். சிலிப்பர் ஒரு குவியல், பள்ளிக்கூடக் கறுப்புச் சப்பாத்து ஒரு குவியல். இடையில் கணுக்கால் எலும்பை மூடும் உயரத்தில், உள்பக்கம் வட்டத்துக்குள் நட்சத்திரம் போட்ட கேன்வஸ் சப்பாத்து ஏழெட்டு ஜோடியாவது நிற்கும். கான்வர்ஸ் சக் டெய்லர். சிலது அசல், சிலது அசல் மாதிரி. கே.எல். சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தாலும் இதே காட்சிதான். தீபாவளி விருந்துக்கு வேட்டி கட்டி, அதற்குக் கீழே இதைப் போட்டு வரும் அண்ணன்மாரும் உண்டு. (எனக்கு அந்த ஜோடி பிடிக்கும். அம்மாவுக்குப் பிடிக்காது.)

பெரியவர்கள் இதைப் பார்த்து, "ஸ்டைல் முக்கியமா, கால் முக்கியமா?" என்பார்கள். நாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் அது நல்ல கேள்வி. முழுசாகப் பதில் சொல்லிப் பார்ப்போம்.

விளையாட்டு மைதானத்திலிருந்து வந்தது

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மால்டன் என்ற ஊரில், மார்க்விஸ் மில்ஸ் கான்வர்ஸ் என்பவர் 1908இல் ரப்பர் காலணிக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். மழைக்கும் பனிக்கும் போடுகிற ரப்பர் காலணிதான் முதலில் அவர்கள் தொழில். 1917இல் கூடைப்பந்துக்கென்று ஆல் ஸ்டார் வந்தது. சக் டெய்லர் என்ற கூடைப்பந்து ஆட்டக்காரர் 1920களின் தொடக்கத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார், கூடவே சப்பாத்தும் விற்றார். 1930களில் அவர் பெயரே வட்டத்துக்குள் ஏறியது.

1960கள் வரை அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் காலில் இருந்தது இதுதான். அன்றைக்கு இதைவிட நல்லது கிடைக்கவில்லை. பிறகு தோல் சப்பாத்து வந்தது, நுரை வைத்த அடிப்பாகம் வந்தது, காற்றடைத்த அடிப்பாகம்கூட வந்தது. ஆட்டக்காரர்கள் மாறிப் போனார்கள். இதைப் பிடித்துக்கொண்டவர்கள் கித்தார் வாசிக்கிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும். 2001இல் கம்பெனி திவாலானது. 2003இல் நைக்கி 305 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

சப்பாத்து ஏறக்குறைய அதேதான். வேலைக்காக வாங்கிய பொருளை நாம் இன்று அழகுக்காக வாங்குகிறோம். ஆகவே "இது விளையாட்டுச் சப்பாத்து, காலுக்கு நல்லது" என்று கடைக்காரர் சொன்னால், அவர் சொல்வது தாத்தா காலத்துச் செய்தி.

பிரித்துப் பார்த்தால்

அடியில் தட்டையான ரப்பர். மேலே பருத்தித் துணி. சுற்றிலும் ஒரு ரப்பர்ப் பட்டை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அடுப்பில் வேக வைக்கிறார்கள். அந்த வேக வைத்தலுக்குப் பெயர் வல்கனைசேஷன். மரத்திலிருந்து வரும் ரப்பரின் மூலக்கூறுகள் நீளமான சங்கிலிகள். இடியாப்பம் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், ஆனால் ஒன்றை ஒன்று பிடித்திருக்காது. அதனால் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இழைக்கும் இழைக்கும் இடையில் முடிச்சு விழுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்தது இதைத்தான்.

இப்படிச் செய்த அடிப்பாகம் உறுதியானது, சீக்கிரம் தேயாது. ஆனால் மெத்தென்று இருக்காது. மெத்தென்று இருந்தால் என்ன லாபம்? வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பிடிக்கிறோம் அல்லவா? நிற்க எடுக்கும் நேரம் கூடினால் அடி குறையும். நுரை அடிப்பாகம் அதைத்தான் காலுக்குச் செய்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்கும். 60 கிலோ ஆளுக்கு 120 முதல் 180 கிலோ. தட்டை ரப்பர் அதில் பெரிதாக எதையும் வாங்கிக்கொள்ளாது. உங்கள் குதிகால், முழங்கால், முதுகு என்று பங்கு போட்டு வாங்கும்.

அதே தட்டை அடிப்பாகம் ஜிம்மில் கனம் தூக்குகிறவர்களுக்குப் பிடிக்கும். நுரை அமுங்கும், ஆட்டம் காணும். தட்டை ரப்பர் தரையோடு தரையாக நிற்கும். ஆக, கெட்ட சப்பாத்து என்று முத்திரை குத்த முடியாது. எந்த வேலைக்கு என்றுதான் கேட்க வேண்டும்.

"கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும், சுளுக்கு வராது" என்பது ஹை-கட் பற்றி எல்லாரும் சொல்லும் அடுத்த செய்தி. துணியைக் கையில் பிடித்துத் திருகிப் பாருங்கள். உங்கள் இரண்டு விரலுக்கே வளைகிறது. 60 கிலோ உடம்பு பக்கவாட்டில் சாயும்போது அது எப்படித் தாங்கும்? அமெரிக்காவில் 600க்கும் மேற்பட்ட கூடைப்பந்து ஆட்டக்காரர்களை வைத்துச் செய்து 1993இல் வெளியான ஓர் ஆய்வில், உயரச் சப்பாத்து போட்டவர்களுக்கும் குட்டைச் சப்பாத்து போட்டவர்களுக்கும் கணுக்கால் சுளுக்கில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. உள்பக்க வட்டப் பட்டை எலும்பில் அடிபடாமல் இருக்க வைத்த ஒட்டு. இன்று அது அடையாளச் சின்னம், அவ்வளவுதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது முன்பக்கம். இந்தச் சப்பாத்தின் விரல் பகுதி குறுகல். நம்மில் பலர் வீட்டில் வெறுங்கால், வெளியே சிலிப்பர் என்று வளர்ந்தவர்கள். அப்படி வளர்ந்த கால் முன்பக்கம் விரிந்திருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலில் நடந்தே பழகியவர்களை அளந்து 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் அவர்கள் பாதத்தின் முன்பகுதி அகலமாக இருப்பதையே காட்டியது. அமெரிக்க அச்சில் வார்த்த சப்பாத்துக்குள் அந்தக் காலைத் திணிக்கிறோம். செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டுவது என்று சொல்வார்களே, அதை நாம் வெட்டாமலேயே செய்கிறோம்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கர்நாடகத்தில் 4 முதல் 13 வயதுள்ள 2300 பிள்ளைகளின் பாதங்களைப் பார்த்து 1992இல் ஓர் ஆய்வு வெளியானது. சப்பாத்து போடும் பிள்ளைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம். போடாதவர்களில் 2.8 விழுக்காடுதான். விரலை மூடும் சப்பாத்து போட்டவர்களிடம்தான் அது அதிகம், சிலிப்பர் போட்டவர்களிடம் குறைவு. குடும்பப் படத்துக்காக ஐந்து வயதுத் தம்பிக்கும் அதே ஹை-கட்டை வாங்கிப் போடுகிறோமே, படம் எடுத்து முடிந்ததும் கழற்றி விடுங்கள். ஓடட்டும்.

கிள்ளானின் ரப்பர்

இவ்வளவு சொன்ன பிறகும் நான் இதைப் போடுகிறேன். ஏன் என்று சொல்ல கிள்ளானுக்குப் போக வேண்டும்.

கிள்ளான் ஒரு காலத்தில் சப்பாத்து ஊர். போருக்கு முன்பிருந்தே ஃபுங் கியோங் ரப்பர் காலணித் தொழிற்சாலை அங்கே இருந்தது. பாட்டாவும் அங்கேதான் தொழிற்சாலை வைத்தது. காரணம் எளிது. சுற்றிலும் பால்மரத் தோட்டங்கள், பக்கத்திலேயே துறைமுகம். உங்கள் தாத்தா பாட்டி பள்ளிக்குப் போட்ட வெள்ளைக் கேன்வஸ் சப்பாத்து அநேகமாக இந்தக் கைகளில் ஒன்றின் வேலையாக இருக்கும். அதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேய்த்து வெள்ளைப் பூச்சு பூசிக் காய வைத்த கதையை எல்லா வீட்டிலும் கேட்கலாம். 2021இல் எல்லாப் பள்ளியிலும் கறுப்புச் சப்பாத்து கட்டாயமான பிறகு அந்தப் பூச்சு டப்பாவே வீட்டை விட்டுப் போய்விட்டது.

அந்த ரப்பரை மரத்திலிருந்து இறக்கியவர்கள் நம்மவர்கள். விடியும் முன்னே எழுந்து, பால் வெட்டி, மங்கில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, ஒட்டுப்பாலையும் சேர்த்து எடுத்து நிறுவைக்குக் கொண்டு போனவர்கள். உலகத்தின் காலுக்கு ரப்பர் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் வெறுங்காலோடு வேலை பார்த்தார்கள். என் தாத்தாவின் கல்யாணப் படத்தில் அவர் காலில் பளபளவென்று கறுப்புத் தோல் சப்பாத்து இருக்கும். இரவல் சப்பாத்து, ஒரு அளவு பெரியது, நடந்தால் கழன்று விழும் என்று பாட்டி சொல்லிச் சிரிப்பார். அந்தப் படத்தில் தாத்தா சுகத்துக்காகச் சப்பாத்து போடவில்லை. தான் யார் என்று காட்டுவதற்காகப் போட்டார்.

எதைப் போடலாம், எதில் ஏறலாம் என்பது அன்று சின்ன விஷயமாக இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதில் முன்னணியில் நின்றவர். சம்பளத்தோடு அவர்கள் கேட்டதில் ஒன்று, துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமை. இறங்கி நடந்தால் கால் ஒன்றும் தேய்ந்துவிடாது. இறங்கச் சொன்னதுதான் வலித்தது.

செருப்புக்கும் இதே கதை உண்டு, அது முடிந்துபோன கதையும் அல்ல. தமிழ்நாட்டில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கத்தில் ராஜாவூர் என்ற கிராமம். அங்கே ஒரு தெருவில் தலித் மக்கள் செருப்பு போட்டு நடக்கக் கூடாது என்று பல தலைமுறையாக ஒரு கட்டுப்பாடு. 2023 டிசம்பரில் சுமார் 60 பேர் செருப்போடு அந்தத் தெருவில் நடந்தார்கள். நான் முதலாம் படிவம் படித்த காலத்தில் அல்ல, நம்மில் பலர் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது நடந்தது இது. நாம் இந்துக்கள் என்று ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து பேசும்போது இதையும் பேசத்தான் வேண்டும்.

ஆகவே, நல்ல சப்பாத்து மீது ஆசைப்படும் தம்பியை "வீண் பகட்டு" என்று ஒரே வார்த்தையில் அடக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. நன்றாக உடுத்தி, தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற ஆசை நம் குடும்பங்களில் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. அதே நேரம், தாத்தா இரவல் வாங்கியது ஒரு நாளுக்கு. நாம் கடன் வாங்கிய பணத்தில் மூன்று ஜோடி வாங்குகிறோம் என்றால் அது வேறு கணக்கு. பிடிபிடிஎன் பணம் கைக்கு வந்த வாரத்தில் பேரங்காடியில் கூட்டம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன?

சுகமும் ஒரு ஆசைதான்

கட உபநிடதத்தில் எமன் நசிகேதனிடம் இரண்டு வழி பற்றிப் பேசுவார். இனிப்பானது பிரேயஸ், நன்மையானது சிரேயஸ். இந்தப் பாடத்தை நடத்தும்போது பலர், "ஸ்டைல் பிரேயஸ், வசதி சிரேயஸ்" என்று சட்டென்று பிரித்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வசதியும் பிரேயஸ்தான். கடையில் காலை விட்டதும் பஞ்சு மாதிரி இருக்கும் சப்பாத்து மனதுக்கு இனிக்கிறது, அவ்வளவுதான். அது காலுக்கு நல்லதா என்பது தனிக் கேள்வி. பத்து வருஷம் கழித்து உங்கள் பாதம் எப்படி இருக்கும் என்பதை அழகும் சொல்லாது, கடையில் கிடைக்கும் ஐந்து நிமிடச் சுகமும் சொல்லாது. அதைச் சொல்வது அளவும், எவ்வளவு நேரம் போடுகிறோம் என்பதும்தான்.

நேரம்தான் பெரிய விஷயம். நண்பர்களோடு படம் பார்க்க மூன்று மணி நேரம் வெளியே போகிறீர்களா? தாராளமாகப் போடுங்கள். பேரங்காடியில் பகுதி நேர வேலையா? அங்கே எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிற்க வேண்டும். தட்டை ரப்பர் வேண்டாம். மேலாளர் கறுப்புச் சப்பாத்து கேட்கிறார் என்று கறுப்பு ஹை-கட்டைப் போட்டுக்கொண்டு போகும் தங்கைகளைப் பார்க்கிறேன். அதே பணத்துக்கு மெத்தென்ற கறுப்புச் சப்பாத்து கிடைக்கும். பல்கலைக்கழகப் பட்டறையில் பேச்சே இல்லை, இரும்பு முனை வைத்த பாதுகாப்பு பூட்ஸ்தான். துணி மேல் இரும்புத் துண்டு விழுந்தால் விரல் போய்விடும்.

நம் ஊர் மழையையும் கணக்கில் எடுங்கள். நாலு மணிக்குக் கொட்டும், கேன்வஸ் குடித்துக்கொள்ளும், மறுநாள் காலைக்குள் காயாது. ஈரத்தோடு போட்டால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். ஒரே ஜோடியைத் தினமும் போடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள், பழைய தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வையுங்கள். நாற்றமும் குறையும். மண்டபத்து வாசலில் நிற்கும் மற்ற சப்பாத்துகளும் நன்றி சொல்லும்.

கோயிலுக்கு? பிரிக்பீல்ட்ஸ் கந்தசாமி கோயிலோ கிள்ளான் பெருமாள் கோயிலோ, வாசலில் கழற்றத்தான் வேண்டும். ஹை-கட்டில் ஏழெட்டு ஜோடி ஓட்டை. பின்னால் நாலு பேர் காத்திருக்க, குனிந்து கயிறு அவிழ்க்கும் கஷ்டம் எல்லாருக்கும் தெரியும். பொறுமை இல்லாதவர்கள் குதிகாலை மிதித்து நசுக்கிக் கழற்றுவார்கள். பின்பக்கம் ஒருமுறை மடிந்துவிட்டால் அந்தச் சப்பாத்து குதிகாலைப் பிடிக்காது, கொப்புளம் போடும். கோயில் நாளில் மேல் இரண்டு ஓட்டையைக் கோக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் சிலிப்பரில் வாருங்கள். சாமி பார்க்கும் இடத்தில் யாரும் நட்சத்திரத்தைப் பார்க்கப் போவதில்லை.

தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை ரதத்தோடு வெறுங்காலில் நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 10 கிலோமீட்டருக்கும் மேல் தார்ச் சாலை, அதன் பிறகு 272 படி. வருஷம் முழுக்க குறுகல் சப்பாத்துக்குள் இருந்த கால் அன்றைக்கு மட்டும் திடீரென்று வெறுங்காலில் நடந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? ஒரு மாதம் முன்பே மாலையில் புல் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகுங்கள்.

இன்னொன்றை வீட்டில் அவசியம் சொல்லுங்கள். இந்த நாட்டில் இனிப்பு நீர் அதிகம் இருப்பது இந்தியர்களிடம். இனிப்பு நீர் வெகுநாள் இருந்தால் காலில் உணர்ச்சி குறையும். சப்பாத்து கடிப்பது தெரியாது, புண் வந்ததும் தெரியாது. அப்பாவுக்கோ மாமாவுக்கோ பிறந்தநாள் பரிசாக நமக்குப் பிடித்த ஹை-கட்டை வாங்கிக் கொடுப்பது அன்புதான். ஆனால் அவர்களுக்கு இனிப்பு நீர் இருந்தால் குறுகல் முனையுள்ள எதுவும் வேண்டாம். தினமும் ராத்திரி அவர்கள் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது அதைவிட நல்ல பரிசு.

வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு: சாயங்காலம் கடைக்குப் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் உண்மையான அளவு. வழக்கமாகப் போடும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். இந்தச் சப்பாத்து நீளத்தில் பலருக்கு அரை அளவு பெரிதாக இருக்கும், அகலத்தில் சின்னதாக இருக்கும். அதனால் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், சுண்டுவிரல் துணியைத் தள்ளக் கூடாது. தள்ளினால் வேறு கம்பெனியில் இதே மாதிரி அகலமானது தேடுங்கள். பத்து இருபது வெள்ளிக்குத் தனியாக மெத்தை வாங்கி உள்ளே வைத்தால் நிற்பதற்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், ஆனால் மெத்தையும் இடம் பிடிக்கும் என்பதால் அதையும் வைத்தே அளவு பாருங்கள். மலிவு நகலில் அடிப்பாகம் சீக்கிரம் பிரியும். இருநூறு முந்நூறு வெள்ளி கையில் இல்லை என்றால், நம் ஊர் பிராண்டுகளிலேயே நேர்மையாக விற்கும் ஹை-கட் உண்டு, அதை எடுங்கள்.

வகுப்பில் செய்து பார்க்க

அடுத்த ஞாயிறு எல்லாரும் தினமும் போடும் சப்பாத்திலேயே வாருங்கள். ஆளுக்கு ஒரு பெரிய தாள். வெறுங்காலோடு அதன் மேல் எழுந்து நின்று, நண்பரை விட்டுப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். உட்கார்ந்து வரையக் கூடாது, நிற்கும்போதுதான் கால் விரியும். பிறகு சப்பாத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். எந்த விரல் வெளியே நிற்கிறது, எவ்வளவு நிற்கிறது என்று மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்தையும் திருப்பிப் பார்த்து எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பென்சிலும் அளவுகோலும் நான் கொண்டு வருகிறேன், காலைக் கழுவிவிட்டு வந்தால் போதும்.